குழாய் போடலாமா என்று டாக்டர் கேட்டால்

(சங்கத்தின் பொன்விழாவையொட்டி நடந்த குடும்ப தினத்தில் ஆற்றிய உரை)





வியாபாரத்தைப் பற்றிப் பேசும்படிதான் செயலாளர் முதலில் கேட்டார். வியாபாரம் பேச இங்கே என்னைவிடப் பெரியவர்கள் இருக்கிறார்கள். தோட்டத்துக்குத் தோட்டம் சைக்கிளில் துணி மூட்டை கட்டிக்கொண்டு போனவர்கள் முன்னால் நான் என்ன பேசுவது? அதனால் வேறு தலைப்புக் கேட்டு வாங்கிக்கொண்டேன். நான் டாக்டர் இல்லை. பாலிடெக்னிக்கில் மருத்துவக் கருவிகளுக்கான மின்னணுவியல் டிப்ளோமா படித்தவன். ஆக்சிஜன் இயந்திரம், சளி உறிஞ்சும் இயந்திரம், நோயாளிக் கட்டில் இவற்றை விற்கிறேன், வாடகைக்கும் கொடுக்கிறேன். பகாவ் பக்கத்துத் தோட்டத்திலிருந்து லுக்குட் வரைக்கும் வண்டியில் கொண்டுபோய் வீட்டில் பொருத்திக் கொடுப்பதால், குழாயோடு வீடு திரும்பியவர்களைப் பார்க்கிறேன். குழாய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்த குடும்பங்களையும் பார்க்கிறேன்.

இரவு நேரத்தில் போன் வரும். "தம்பி, ஐ.சி.யூ.வில் குழாய் போடணுமாம். கையெழுத்துக் கேக்குறாங்க. போட்டா திரும்பி வருவாங்களா?" இதற்குப் பதில் சொல்லும் தகுதி எனக்கில்லை, டாக்டரிடம்தான் கேட்க வேண்டும் என்பேன். ஆனால் அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். 2021ஆம் ஆண்டிலிருந்து வருகிறது.

அந்த ஜூலை, ஆகஸ்ட் மாதங்களை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஆகஸ்ட் 26 அன்று ஒரே நாளில் நாடு முழுவதும் 24,599 பேருக்குத் தொற்று. சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனையில் இடம் கிடைப்பதே பெரும்பாடு. 'கேட்டகரி 5' என்ற சொல் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்துவிட்டது. குழாய் போடுவதற்கு முன்பு வீடியோ அழைப்பில் ஒருமுறை முகத்தைக் காட்டினார்கள். பிறகு பல வீடுகளுக்கு மவுத்துச் செய்திதான் வந்தது. குளிப்பாட்டக்கூட நம் கையில் கொடுக்கவில்லை. அன்றிலிருந்து நம்மவர் மனத்தில் குழாய் என்றால் முடிவு என்று பதிந்துவிட்டது.

அந்த வருத்தத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஒன்றை மட்டும் யோசிக்கச் சொல்கிறேன். பொம்பா வண்டி நிற்கும் வீடெல்லாம் தீப்பிடித்த வீடாகத்தான் இருக்கும். அதற்காக வண்டிதான் வீட்டைக் கொளுத்தியது என்று சொல்வோமா? நுரையீரல் முக்கால்வாசி கெட்டுப்போனவர்களுக்குத்தான் அந்த நாட்களில் குழாய் போட்டார்கள். அதனால் குழாய் போட்டவர்களில் அதிகம் பேர் இறந்தார்கள்.

நம் மாநிலத்திலேயே இதற்கு முன்னால் இன்னொரு பெரிய சோதனை வந்தது. 1998 கடைசியில் பேராவில் தொடங்கிய மூளைக்காய்ச்சல், சிரம்பான் சிக்காமாட்டுக்கு வந்து, 1999 தொடக்கத்தில் போர்ட் டிக்சன் பக்கம் புக்கிட் பெலாண்டோக் வட்டாரத்தில் வெடித்தது. எனக்கு அப்போது பள்ளி வயது. முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் புதிய கிருமியைக் கண்டுபிடித்தார். சுங்கை நிப்பா கிராமத்தைச் சேர்ந்த நோயாளியிடமிருந்து எடுத்ததால் அதற்கு 'நிப்பா' என்றே பெயர். இன்று கேரளத்தில் நிப்பா என்று செய்தி வரும்போது நம் பிள்ளைகளுக்கு அது நம் மாநிலத்து ஊர்ப்பெயர் என்று தெரிவதில்லை. மலேசியாவில் 265 பேருக்கு வந்து 105 பேர் இறந்தார்கள். பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களே பெரும்பாலும் பாதிக்கப்பட்டார்கள்.

அந்த நோயாளிகளில் பலருக்கு மூளைத்தண்டு பாதிக்கப்பட்டது. மூச்சு விடு, இருமு, எச்சிலை விழுங்கு என்று உத்தரவு போடும் இடம் அது. நுரையீரல் நன்றாக இருந்தாலும் உத்தரவு வராவிட்டால் எச்சிலும் வாந்தியும் மூச்சுப் பாதைக்குள் இறங்கிவிடும். அதனால்தான் குழாய் போட்டு வென்டிலேட்டரில் வைத்தார்கள். கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் பிப்ரவரி முதல் ஜூன் வரை பார்த்த 94 பேரின் கணக்கு வெளியானது. 30 பேர் இறந்தார்கள். 50 பேர் முழுமையாகக் குணமடைந்தார்கள். 14 பேருக்கு நரம்புக் குறைபாடு தங்கிவிட்டது. கிருமியைக் கொல்லும் உறுதியான மருந்து அப்போது கிடையாது. மூச்சைக் காப்பாற்றி, உடம்பு தானாகத் தேறிவரும் வரைக்கும் ஆளைத் தாக்குப்பிடிக்க வைத்ததுதான் வைத்தியம். அவர்களுடைய சளியிலும் சிறுநீரிலும் அந்தக் கிருமி இருந்தது பிறகு தெரியவந்தது. அதே சளியைத்தான் தாதியர் மணிக்கணக்காக உறிஞ்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பெயர் எந்த மலரிலும் வராது.

இந்தக் குழாய் எப்போது வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஹஜ்ரத் அவர்கள் மகிழ்வார்கள். இப்னு சீனா தம் 'அல்கானூன்' நூலில், தொண்டை அடைத்து மூச்சுத் திணறுபவருக்குப் பொன்னாலோ வெள்ளியாலோ செய்த குழாயை உள்ளே செலுத்துவதைக் குறிப்பிட்டிருக்கிறார். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய செய்தி. 12ஆம் நூற்றாண்டில் அந்தலூஸின் இப்னு ஸுஹ்ர், கழுத்தில் துளையிட்டால் அது ஆறுமா என்று ஓர் ஆட்டின் மூச்சுக்குழலில் செய்து பார்த்தார். ஆறியது. இன்றைய ஐ.சி.யூ. பிறந்தது 1952இல், டென்மார்க்கின் கோபன்ஹேகனில். போலியோ வந்து மூச்சுத் தசை செயலிழந்த முதல் 31 பேரில் 27 பேர் போய்விட்டார்கள். பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருந்து டாக்டர், ஆகஸ்ட் 27 அன்று 12 வயதுச் சிறுமிக்குக் கழுத்துத் துளை வழியாகக் குழாய் போட்டு, ரப்பர் பையைக் கையால் அமுக்கிக் காற்று கொடுத்தார். பிள்ளை பிழைத்தது. போதுமான இயந்திரம் இல்லாததால் ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறை வைத்து இரவும் பகலும் பையை அமுக்கினார்கள். சாவு விகிதம் நாளடைவில் நான்கில் ஒன்று அளவுக்கு இறங்கியது.

இனிக் குழாயைப் பார்ப்போம். மாதிரி ஒன்று கொண்டுவந்திருக்கிறேன், கைமாற்றிப் பாருங்கள். ஆண்களுக்கு உள்விட்டம் ஏழரை அல்லது எட்டு மில்லிமீட்டர், பெண்களுக்கு ஏழு அல்லது ஏழரை. வாய் வழியாக, குரல்நாண்களுக்கு நடுவில் புகுந்து, மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்துக்குச் சற்று மேலே முனை நிற்கும். குரல்நாண்களுக்கு நடுவே குழாய் கிடக்கும்போது பேச்சு வராது. "அத்தா என்மேல் கோபமா, ஏன் பேசலை?" என்று அழும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

பக்கவாட்டில் சென்டிமீட்டர் எண்கள் அச்சிட்டிருக்கின்றன. பல் அருகே ஆண்களுக்குச் சுமார் 23, பெண்களுக்குச் சுமார் 21. ஒவ்வொரு ஷிப்டிலும் தாதி அந்த எண்ணைப் பார்த்து எழுதுவார். குழாய் கீழே இறங்கினால் வலப்பக்க நுரையீரலுக்குள் மட்டும் போய், இடப்பக்கம் காற்றில்லாமல் சுருங்கும். மேலே ஏறினால் வெளியே வந்துவிடும். தலையைக் குனிய வைத்தால் குழாய் முனை கீழே போகும், நிமிர்த்தினால் மேலே வரும். ஆகவே தலையணையைச் சரிசெய்ய ஆசைப்பட்டால் தாதியைக் கூப்பிடுங்கள். கட்டிலின் தலைப்பக்கத்தை 30 முதல் 45 பாகை உயர்த்தி வைத்திருப்பதும் காரணத்தோடுதான். வயிற்றில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போகாமல் இருக்க. "படுக்க வசதியா இல்லையே" என்று நாமாகத் தாழ்த்தக் கூடாது.

முனைக்குச் சற்று மேலே இந்தச் சின்னப் பலூனைப் பாருங்கள். இதில் காற்றடித்தால் மூச்சுக்குழல் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். வென்டிலேட்டர் தரும் காற்று வீணாகாது, எச்சிலும் பெருமளவு தடுக்கப்படும். இதன் அழுத்தம் 20 முதல் 30 சென்டிமீட்டர் நீர் அளவுக்குள் இருக்க வேண்டும். அதிகமானால் சுவரில் ரத்த ஓட்டம் நின்று புண்ணாகும், குறைந்தால் ஒழுகும். வெளியே தொங்கும் குமிழை விரலால் அமுக்கிப் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்கு அளவுமானி இருக்கிறது.

இதில் நம் வீடுகளில் அடிக்கடி நடக்கும் இரண்டு காரியங்களைச் சொல்லியே ஆக வேண்டும். முதலாவது ஸம்ஸம் தண்ணீர். ஒரு கரண்டிதானே, பரக்கத்துக்காக என்று வாயில் ஊற்றுகிறோம். குழாய் இருக்கும்போது விழுங்க முடியாது. ஊற்றியது பலூனுக்கு மேலே தேங்கி நின்று, ஓரமாகக் கசிந்து நுரையீரலுக்குள் இறங்கும். அது நிமோனியாவில் போய் முடியலாம். தேனும் கருஞ்சீரகத் தண்ணீரும் அப்படியே. தாதியிடம் கேட்டு, சுத்தமான துணியை நனைத்துப் பிழிந்து உதட்டில் ஒற்றினால் போதும், பரக்கத்து குறையாது. இரண்டாவது, குழாய் இருக்கும்போதே திடீரென்று குரல் கேட்டால் "அத்தா பேசிட்டாங்க" என்று சந்தோஷப்படுவோம். பலூன் இறங்கியிருக்கலாம், குழாய் மேலேறியிருக்கலாம். அந்த நொடியே தாதியைக் கூப்பிட வேண்டும்.

குழாய் சரியான இடத்தில் இருக்கிறதா என்பதற்குத் திரையில் ஒரு கோடு ஓடும். வெளிவரும் மூச்சிலுள்ள கரியமிலவாயுவைக் காட்டும் அலை அது. அலை படுத்து நேர்கோடானால், குழாய் இடம் மாறிவிட்டது என்றே முதலில் எடுத்துக்கொண்டு டாக்டர்கள் ஓடிவருவார்கள். 2011இல் பிரிட்டனில் வெளியான தேசியத் தணிக்கை ஒன்று, ஐ.சி.யூ.க்களில் மூச்சுப் பாதைக் கோளாறால் ஏற்பட்ட மரணங்களையும் மூளைப் பாதிப்புகளையும் ஆராய்ந்தது. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இந்த அலையைப் பார்க்கும் கருவி இல்லாததோ பயன்படுத்தாததோ ஒரு காரணம் என்று கண்டது. கருவி படித்தவன் என்பதால் இதை மட்டும் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன், மன்னியுங்கள்.

கையைக் கட்டி வைத்திருப்பதைப் பார்த்து மனம் உடைந்து அவிழ்த்துவிடும் பிள்ளைகள் உண்டு. அரை மயக்கத்தில் இருப்பவர் முதலில் செய்வது குழாயைப் பிடுங்குவதுதான். பலூன் ஊதியிருக்கும்போதே பிடுங்கினால் குரல்நாண் காயப்படும். கட்டியிருப்பது ஏன், எவ்வளவு நேரம், பகலில் அவிழ்க்கலாமா என்று கேளுங்கள். நாம் பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துக்கொண்டால் அவிழ்த்துவிடச் சம்மதிக்கும் தாதியரும் இருக்கிறார்கள். மயக்கத்தில் இருந்தாலும் காதில் விழலாம், ஆகவே யாசீன் ஓதுங்கள், பேரப்பிள்ளை பெயரைச் சொல்லுங்கள். பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காத அளவு போதும்.

தாடியைப் பற்றியும் கேட்கிறார்கள். பிளாஸ்திரி தாடியில் ஒட்டாது. நாடாவால் கட்டலாம், அதுவும் போதாவிட்டால் கொஞ்சம் கத்தரிக்கக் கேட்பார்கள். குழாய்க்கு முன்பு போடும் இறுக்கமான முகமூடியிலும் தாடி வழியாகக் காற்று ஒழுகும். உயிர் காக்கும் அவசியத்துக்கு நம் மார்க்கத்தில் இடமிருக்கிறது. சந்தேகமானால் ஹஜ்ரத்தைக் கேளுங்கள், ஆனால் அந்த ராத்திரியில் அல்ல, இப்போதே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

முக்கியமான இடத்துக்கு வருகிறேன். டாக்டர் கையெழுத்துக் கேட்கும்போது, "யோசித்துச் சொல்கிறோம்" என்று ஊருக்கெல்லாம் போன் போட்டு, வேண்டாம் என்று சொல்லி, நடு இரவில் மூச்சு நிற்கும் நேரத்தில் "போடுங்க டாக்டர்" என்று கதறுகிறோம். முன்னேற்பாட்டோடு போடும் குழாயைவிட, மூச்சு நின்ற பின் அவசரத்தில் போடும் குழாய் ஆபத்தானது. வேண்டுமென்றால் நேரத்தோடு வேண்டும் என்று சொல்லுங்கள். வேண்டாம் என்றால் எல்லாரும் சேர்ந்து தெளிவாக வேண்டாம் என்று சொல்லுங்கள். முடிவெடுக்க நான்கு கேள்விகள் போதும். எதற்காகக் குழாய், நுரையீரலுக்கா மூளைக்கா? அடிப்படை நோய் தீரக்கூடியதா? எத்தனை நாள் எதிர்பார்க்கிறீர்கள்? தேறாவிட்டால் அடுத்து என்ன?

தீராத புற்றுநோயின் கடைசிக் கட்டத்தில் இருப்பவருக்கும், பல உறுப்புகள் ஓய்ந்துபோன முதியவருக்கும் குழாய் வேண்டாம் என்று டாக்டரே சொல்வதுண்டு. நம்மைக் கைவிட்டதாக எண்ண வேண்டாம். குழாய் போடாமலே மூச்சுத்திணறலின் வேதனையைக் குறைக்க மருந்து இருக்கிறது. மூளை முழுமையாகச் செயலிழந்து, நிபுணர்கள் அதை உறுதிசெய்த பிறகு இயந்திரத்தை எடுக்கலாமா என்ற கேள்வியை, இஸ்லாமிய மாநாட்டு அமைப்பின் ஃபிக்ஹ் அகாடமி 1986 அக்டோபரில் அம்மானில் கூடி ஆராய்ந்து, எடுக்கலாம் என்று முடிவு தந்திருக்கிறது. தனித்தனி நோயாளி விஷயத்தில் டாக்டரிடமும், மாநில முஃப்தி அலுவலகத்திலும் கேளுங்கள்.

பத்து நாள் ஆகியும் குழாயை எடுக்க முடியாவிட்டால் கழுத்தில் துளையிடலாமா என்று கேட்பார்கள். இதற்குத்தான் நம் தாய்மார்கள் அதிகம் பயப்படுகிறார்கள். கழுத்தை அறுப்பதா என்கிறார்கள். வாயில் குழாய் இருப்பதைவிடக் கழுத்தில் இருப்பது நோயாளிக்கு இலகு. மயக்க மருந்தைக் குறைக்கலாம், வாயைச் சுத்தம் செய்யலாம், எழுப்பி உட்கார வைக்கலாம், தேறியதும் எடுத்துவிட்டால் துளை பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். "இன்னும் கொஞ்சம் பொறுக்கலாமா டாக்டர்" என்று கேட்பதும் நியாயமான கேள்வியே. பிரிட்டனில் 909 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 2013இல் வெளிவந்தது. நான்கு நாளுக்குள் துளையிடுவது என்று ஒரு குழு, பத்து நாள் பொறுப்பது என்று ஒரு குழு. இறப்பில் வித்தியாசமில்லை. பொறுத்த குழுவில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் கடைசியில் துளையே தேவைப்படவில்லை.

கழுத்துக் குழாயோடு வீட்டுக்கு அனுப்பினால் என் வேலை ஆரம்பமாகிறது. மருத்துவமனையில் தாதி சொல்லிக்கொடுக்கும்போது வீட்டில் இரண்டு பேராவது கற்றுக்கொள்ளுங்கள். ஒருவர் மட்டும் கற்றால் அவருக்குக் காய்ச்சல் வரும் நாளில் வீடே தடுமாறும். சளி உறிஞ்சும் மெல்லிய குழாயில் தலைப்பகுதி நிறத்தால் அளவு தெரியும். தடித்ததாக இருந்தால் நன்றாக உறிஞ்சும் என்று பச்சைத் தலை கேட்பார்கள். வேண்டாம். எட்டாம் நம்பர் கழுத்துக் குழாய்க்கு வெள்ளைத் தலை, ஏழாம் நம்பருக்குக் கறுப்புத் தலை. உள்ளே விடும் குழாய் கழுத்துக் குழாயின் பாதி அகலத்தைத் தாண்டினால் சளியோடு மூச்சையும் உறிஞ்சிவிடும். ஒரு தடவைக்கு 10, 15 விநாடிக்கு மேல் போகக் கூடாது. மணி பார்த்து உறிஞ்ச வேண்டாம், சளிச் சத்தம் கேட்டால், மூச்சு சிரமப்பட்டால் உறிஞ்சுங்கள். கழுத்து நாடாவுக்கும் கழுத்துக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும். கட்டிலருகே அதே அளவில் ஒரு மாற்றுக் குழாய், ஓர் அளவு சிறியதில் ஒன்று, எப்போதும் தொங்கட்டும். ஆக்சிஜன் ஓடும் அறையில் சாம்பிராணியும் ஊதுபத்தியும் வேண்டாம், வியாழன் இரவானாலும்.

பேச்சு வால்வு என்று ஒன்று உண்டு. கை கால் அசைக்க முடியாமல் வென்டிலேட்டரிலேயே வாழ்ந்த டேவிட் முயர் என்ற அமெரிக்க இளைஞர், தான் பேசுவதற்காகத் தானே யோசித்துச் செய்தது. உள்ளே வரும் காற்றை விட்டு, வெளியேறும் காற்றைக் குரல்நாண் பக்கம் திருப்பும். மூன்று மாதம் வாயசைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் இதைப் பொருத்தியதும் சத்தமாகக் கலிமா சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். ஆனால் பலூனில் காற்று இருக்கும்போது இதைப் பொருத்தினால் உள்ளே போன மூச்சு வெளியே வராது, சில நிமிடத்தில் உயிர் போகும். அதனால் டாக்டர் எழுதிக் கொடுக்காமல் நான் இதை விற்பதில்லை. இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவந்து மாட்டாதீர்கள்.

தோட்டப்புற வீடுகளில் புயல் மழைக்குக் கரண்டு போகும். சளி அடைத்த கழுத்துக் குழாய்க்கு அரை மணி நேரம்கூட நீண்ட நேரம். பேட்டரியில் ஓடும் சளி உறிஞ்சும் இயந்திரம் ஒன்றையும், காலால் மிதித்து இயக்குவது ஒன்றையும் இன்று சங்க அலுவலகத்தில் வைத்துவிட்டுப் போகிறேன். நம் குடும்பம், பக்கத்து வீட்டுக் குடும்பம் என்று பார்க்காமல் யாருக்குத் தேவையோ கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். பேட்டரியைச் சும்மா விட்டால் செத்துவிடும். வாரம் ஒருமுறை, ஜும்மா முடிந்து வரும்போது, யாராவது சார்ஜில் போட வேண்டும். அந்தப் பொறுப்பை இளைஞர் பிரிவு இன்றே எழுதி ஏற்றுக்கொள்ளட்டும்.